கழுவுநீரை மரத்துக்குக் கொடுத்துக் கிணற்றைக் காத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரிகாலத்தில் மாத்திரமே ஓடும். ஆதலால் நமது குடிநீரும் தோட்டத்துக்கு இறைக்கும் நீரும் பெரும்பாலும் நிலத்தின் கீழிருந்தே வருகின்றன. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுள் பெய்து முடிந்துவிடும். மீதி மாதங்களில் அந்த மழை நிலத்துள் விட்டுச்சென்ற நீரையே நாம் எடுத்துச் செலவிடுகின்றோம்.

ஒவ்வொரு வளவிலும் ஒரு கிணறு உண்டு. அழுக்குநீர் போகும் வழி ஒன்றும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு மரத்தின் வேர் இருத்தல் வேண்டும் என்பதே இத்துண்டுப்பிரசுரம் கூறவந்த பாடமாகும். அவ்வாறு அமைப்பின் ஒரே நீர் இரு முறை பயன்படும்; கிணறும் கெடாது.

குளித்த நீர், உடுப்புத் தோய்த்த நீர், பாத்திரம் கழுவிய நீர் ஆகியவற்றை இங்கே கழுவுநீர் என்று குறிப்பிடுவோம். மலசலகூடத்து நீர் இதனுட் சேராது.

நிலத்தின் கீழே நடப்பது

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணக்கல். அதில் வெடிப்புகளும் பொந்துகளும் மிகுதி. மழைநீர் அவற்றின் வழியே இறங்கித் தங்குகின்றது. ஆனால் அதன் கீழேயும் பக்கங்களிலும் கடல்நீர் நிற்கின்றது. நன்னீர் பாரம் குறைந்ததாதலால் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும். நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருக்குமிடத்தில், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. இதனை மறுபுறமாகவும் நோக்குதல் வேண்டும். மிகையாக இறைத்து மேல்மட்டத்தை 1 அடி தாழ்த்தி, அதனை அவ்வாறே நிலைக்கவிட்டால், கீழிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலேறக் கூடும். புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றை அறியாதார் இலர். அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இந்த உண்மைக்கு நாம் கண்ணாற் காணக்கூடிய சான்றாகும்.

மழைநீர் விரைந்து இறங்கும் அதே வெடிப்புகள் வழியே அழுக்கும் விரைந்து இறங்கும். தோட்டங்களுக்கு அளவின்றி இட்ட யூரியாவும் எருவும், மலக்குழிகளின் ஊறலும் சேர்ந்து, குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவை உயர்த்தியுள்ளன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது விதி. அதற்கு மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக் கூடும். உதடும் நகமும் நீலம் பாயும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது; நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தியையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அதன்பொருட்டு இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. ஓரிடத்தில் நிலத்தில் விட்டது அயலார் கிணற்றிலும் தோன்றும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

முன்னை வழக்கமும் இன்றைய வழக்கமும்

துலாவினாலும் வாளியினாலும் நீர் அள்ளிய காலத்திற் கிணற்றடியே குளிக்குமிடமாகவும் தோய்க்குமிடமாகவும் இருந்தது. அங்கு சிந்திய நீர் சிறு வாய்க்கால் வழியாக வாழைக்கும் தென்னைக்கும் கமுகுக்கும் சென்றது. கிணற்றடி வாழை கோடையிலும் குலை தள்ளியதற்குக் காரணம் இதுவே. இதற்கெனத் தனியே எவரும் நீர் இறைக்கவில்லை.

பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. கூரைமேல் தாங்கி வந்தது. குளியலறையும் சமையலறையும் வீட்டினுள்ளே அமைந்தன. இவை யாவும் நன்மையே. ஆயினும் கழுவுநீர் மரத்தை விட்டு விலகி, குழாய் வழியாக மண்ணுள் மறைந்த ஊறற்குழியை அடைந்தது. இதனால் இரு தீமைகள் விளைந்தன. முதலாவது, வாழைக்கும் தென்னைக்கும் கிணற்றிலிருந்து புதிதாக நீர் இறைக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது, ஆழ்ந்த குழியில் விழும் நீர் மேல்மண்ணையும் வேரையும் தொடாது நேரே சுண்ணக்கல்லினுட் செல்கின்றது. அழுக்கை உண்டு அழிக்கும் நுண்ணுயிர்கள் காற்றோட்டமுள்ள மேல்மண்ணிலேதான் மிகுதியாக வாழ்கின்றன. அவற்றுக்கு வேலை கொடாமல் நீரை ஆழத்தில் விடுதல், அழுக்குநீரை அப்படியே கிணற்றுக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

பழைய வழக்கத்திலும் ஒரு குறை உண்டு. கட்டு இல்லாத கிணற்றில், சிந்திய நீர் திரும்பவும் கிணற்றினுள்ளேயே வடிந்தது. ஆகவே பழையதை அப்படியே மீட்க வேண்டியதில்லை. கிணற்றைச் சுற்றிச் சீமெந்துத் தளமும் வெளிநோக்கிய வாய்க்காலும் அமைத்து, நீரைத் தூரத்தே கொண்டுசென்று மேல்மண்ணிற் கொடுத்தலே ஏற்ற முறையாகும்.

எந்த நீர் ஆகும், எந்த நீர் ஆகாது

1. குளித்த நீரும் முகங்கழுவிய நீரும் மிக நல்லவை. முதலில் இவற்றையே பயன்படுத்தத் தொடங்குங்கள்.

2. உடுப்பு அலசிய நீர் நல்லது. சலவைத்தூள் கரைத்து ஊறவைத்த முதல் நீர் காரமானது. அதனைத் தனியே ஒரே மரத்துக்கு விடாது, அலசிய நீருடன் கலந்து கொடுக்க வேண்டும்.

3. சமையலறை நீரில் எண்ணெயும் சோற்றுப்பருக்கையும் இருக்கும். அவற்றை நீக்கிய பின்னரே பயன்படுத்தலாம். அரிசி, காய்கறி கழுவிய நீரை எவ்விதத் தடையுமின்றி நேரே ஊற்றலாம்.

4. குழந்தையின் மலத்துணி தோய்த்த நீர், வயிற்றோட்டம் முதலிய தொற்றுநோய் கண்டவர் குளித்த நீர், வெளிற்றும் தூள் கலந்த நீர், கிருமிநாசினித் தெளிகருவி கழுவிய நீர், இயந்திர எண்ணெய் பட்ட நீர் ஆகியவை ஆகா. முதலிரண்டும் மலசலகூடத்து வழியே செல்லட்டும். தெளிகருவியைக் கிணற்றடியில் ஒருபோதும் கழுவற்க.

எவ்வளவு நீர், எத்தனை மரம்

இதனை மதிப்பிடுவது கடினமன்று. ஒரு நாள் முழுவதும் வீட்டிற் செலவாகும் வாளிகளை எண்ணிப் பாருங்கள். உதாரணமாக, ஐவர் வாழும் வீட்டில் ஒருவருக்கு 40 லீற்றர் வீதம் குளிக்க 200 லீற்றர், உடுப்புக்கு 60 லீற்றர், பாத்திரத்துக்கு 40 லீற்றர் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 300 லீற்றர் கழுவுநீர் கிடைக்கும்.

இனி மரத்தின் தேவையை நோக்குவோம். சோளகக் காற்று வீசும் கோடையில் ஒரு சதுர மீற்றர் பரப்பிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லீற்றர் நீர் இலை வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகும். 2 மீற்றருக்கு 2 மீற்றர் இடைவெளியில் நட்ட வாழைக்கு 4 சதுர மீற்றர் இடம் உண்டு. ஆகவே அதன் தேவை நாளொன்றுக்கு 20 லீற்றர். 300 லீற்றர் நீர் 15 வாழைகளுக்குப் போதும்.

இக்கணக்கை ஓர் உச்ச வரம்பாகக் கொள்ள வேண்டும். 300 லீற்றரையும் இரண்டு வாழைகளுக்கே விட்டால், வேர் உறிஞ்சியது போக மீதி கீழிறங்கிக் கிணற்றை அடையும். அதன்பின் அதற்கும் ஊறற்குழிக்கும் வேறுபாடு இல்லை. நீர் கூடுதலாயின் மரத்தைக் கூட்டுங்கள்.

பாத்தி அமைக்கும் முறை

இடம்: கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீற்றர் தள்ளியிருத்தல் வேண்டும். சுண்ணக்கல் மேலே தெரியும் நிலமாயின் இன்னும் தள்ளுதல் நன்று. அயலாரின் கிணற்றுக்கும் இவ்விதி பொருந்தும். வளவு சிறிதாயின் குளித்த நீரை மாத்திரம், பரவலாகவும் சிறிது சிறிதாகவும் கொடுங்கள்.

வடிகட்டி: சமையலறைக் குழாயின் முடிவில் 20 லீற்றர் வாளி ஒன்றை வையுங்கள். நீர் வெளியேறும் குழாயின் உட்பக்கத்தைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டால், எண்ணெய் மேலே மிதந்து நிற்க, நீர் அடியிலிருந்து வெளியேறும். அதனை அடுத்து, அடியில் துளையிட்ட இன்னொரு வாளியில் தென்னந்தும்பை நிரப்பி வையுங்கள். எண்ணெய்ப் படையை வாரத்துக்கு ஒரு முறை வழித்தெடுத்துத் தும்பையும் மாற்றுக. இரண்டையும் கூட்டெருக் குழியில் இடலாம். பாத்திரத்தைக் கழுவுமுன் காய்ந்த தும்பினால் துடைத்துவிடின் இவ்வேலை பாதியாகக் குறையும். குளித்த நீருக்கு முடியும் நூலும் தங்கும்படி ஒரு சிறு வலை போதும்.

குழாய்: 2 அங்குலப் பிளாஸ்ரிக் குழாயை ஒரு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவு இருக்குமாறு வையுங்கள். சிறு துளையிட்ட குழாய்கள் விரைவில் அடைபடும். ஆகவே திறந்த வாயுள்ள குழாயே ஏற்றது.

குழி: வாழையின் அடியிலிருந்து 60 சென்ரிமீற்றர் தள்ளி, 30 சென்ரிமீற்றர் அகலமும் 30 சென்ரிமீற்றர் ஆழமும் 2 மீற்றர் நீளமும் உடையதாய் அரைவட்ட வடிவில் வெட்டுக. அதன் கொள்ளளவு 180 லீற்றர். அதனை வாழைச்சருகு, காவோலைத் துண்டு, பொச்சு ஆகியவற்றால் நிரப்பினால், நீருக்கு அதிற் பாதியளவு இடம் எஞ்சும். குழாயின் வாய் சருகின் கீழே இருக்கட்டும். நீர் வெளியே தெரியாதிருப்பின் நாற்றமும் நுளம்பும் இரா. பிள்ளைகளும் கோழிகளும் அதில் அளையா. சருகு மக்கி இறங்க இறங்க மேலே புதிதாய் இடுக. மக்கியது மரத்துக்கு எருவாகும்.

மடை மாற்றுதல்: தோட்டத்துக்கு நீர் கட்டும்போது பாத்திக்குப் பாத்தி மடை மாற்றுவது போலவே இதற்கும் செய்தல் வேண்டும். 15 வாழைகளை ஐந்தைந்தாக மூன்று தொகுதிகளாக்கி, நாளுக்கு ஒரு தொகுதியாக மாற்றி விடுங்கள். ஒரு வாழைக்கு 60 லீற்றர் கிடைக்கும். அது மூன்று நாட்களுக்குப் போதும். இடையிலுள்ள இரண்டு நாட்களில் மண்ணுக்குக் காற்று கிடைக்கும். ஓயாது நனைந்த மண்ணில் அழுக்கை அழிக்கும் நுண்ணுயிர்கள் மூச்சின்றி இறக்கும், வாழைக்கிழங்கும் அழுகும்.

சேமித்தல்: கழுவுநீரைத் தாங்கியிலோ பீப்பாயிலோ ஒரு நாளுக்கு மேல் வைத்திருத்தலாகாது. அது அழுகி நாறும், நுளம்பும் பெருகும். அன்றன்றைய நீரை அன்றன்றே மண்ணுக்குக் கொடுத்துவிடுக.

சவர்க்காரமும் மண்ணும்

சவர்க்காரத்திலும் சலவைத்தூளிலும் சோடியம் உண்டு. அது மண்ணிற் சேர்ந்தால் மண்துணிக்கைகள் பிரிந்து, மேற்பரப்பு இறுகி, நீர் சுவறுவது குறையும். சுண்ணக்கல்லின் மேலுள்ள நமது மண்ணில் கல்சியம் இருத்தலால் இத்தீமை ஓரளவு தடைப்படும். ஆயினும் முற்றாக நீங்காது. ஆதலால் சலவைத்தூளைத் தேவைக்கு மேல் இடாதீர்கள். சில தூள்களிற் போரனும் சேர்க்கப்படுவதுண்டு; அத்தகையவற்றைத் தவிர்த்தல் நன்று. தலைமுழுக அரப்பும் தேசிக்காயும் பயன்படுத்தும் வீடுகளில் அந்நீர் மரத்துக்குக் கேடின்றிச் சேரும்.

பின்வரும் அறிகுறிகளைக் கவனிக்க:

இலையின் ஓரம் கருகுதல் - உப்பு மிகுந்தது.
இளம் இலை மஞ்சளாகி நரம்பு மாத்திரம் பச்சையாய் நிற்றல் - மண் காரமாகி, இரும்புச்சத்து வேருக்குக் கிட்டவில்லை.
மண்ணின் மேல் வெண்படலம் பூத்தல் - உப்புத் தேங்குகின்றது.
நீர் சுவறாது நிற்றல், நாற்றம் வீசுதல் - நீர் மிகை, அல்லது எண்ணெய் அடைத்துள்ளது.

இவற்றுள் ஒன்று தோன்றினும், அம்மரத்துக்குக் கழுவுநீரைச் சில வாரங்கள் நிறுத்தி, நல்ல நீர் கொடுத்து, கூட்டெரு இடுக.

தீவுப்பகுதிகளிலும் கரையோரங்களிலும் கிணற்று நீரே உவராய் இருத்தல் கூடும். அவ்விடங்களிற் கழுவுநீர் அதனினும் உவராகும். அங்கு வாழையை விடுத்துத் தென்னையைத் தெரிந்துகொள்க. தென்னை உவரை ஓரளவு தாங்கும்.

ஏற்ற பயிரும் ஏலாத பயிரும்

வாழை, தென்னை, மா, முருங்கை, பப்பாசி முதலியவை ஏற்றவை. இவற்றின் காயும் கனியும் நிலத்தைத் தொடாது உயரத்தில் இருப்பதால் அழுக்குப் படாது. மாட்டுத் தீன்புல்லுக்கும் பூமரங்களுக்கும் கொடுக்கலாம். தேசியும் தோடையும் உப்பைத் தாங்காதவை. அவற்றுக்கு இடையிடையே மாத்திரம் கொடுக்க.

வல்லாரை, பொன்னாங்காணி முதலிய கீரைகள், வெங்காயம், கரட், தக்காளி, வெற்றிலை ஆகியவற்றுக்குக் கழுவுநீர் விடலாகாது. பச்சையாய் உண்பதும் மண்ணைத் தொட்டு வளர்வதும் நோய்க்கிருமிகளை வாய்க்குக் கொண்டுவரும். உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டிகளும் நீரின் தூய்மைக்கேற்பப் பயிரைத் தெரிவதை ஒரு முக்கிய பாதுகாப்பாகக் கூறுகின்றன. நீரை இலையின் மேல் தெளிக்கவும் வேண்டாம். குழியிற் கை வைத்தபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக.

மாரிகாலத்திற் செய்வது

மாரியில் மண் நிறைந்திருக்கும். மரத்துக்கு மேலும் நீர் வேண்டியதில்லை. அப்போது விடும் கழுவுநீர் மழையோடு கலந்து நேரே கிணற்றுக்கு இறங்கும். ஆகவே, கிணற்றுக்கு மிகத் தொலைவான மூலையில் சல்லியும் மணலும் இட்ட ஆழமற்ற பாத்தி ஒன்றைக் கல்வாழை நட்டு வைத்திருங்கள். மாரி மாதங்களிற் கழுவுநீரை அதன்பாற் பரவலாகத் திருப்புங்கள். கூரையிலிருந்து விழும் தூய மழைநீரையோ வீதிக்கு ஓடவிடாது, வளவுக்குள்ளேயே சுவறச் செய்யுங்கள். நமது கிணறுகள் நிரம்பும் காலம் அந்த மூன்று மாதங்களே.

பசளையைக் குறைத்தல்

கழுவுநீரிற் சிறிதளவு நைதரசனும் பொசுபரசும் உண்டு. மக்கிய சருகிலும் உண்டு. ஆதலால் இம்மரங்களுக்கு வழக்கமாக இடும் யூரியாவைக் குறைத்து, மரத்தின் நிறத்தையும் குலையையும் பார்த்து இடுக. மிகையாய் இட்ட நைதரசன் நைத்திரேற்றாகி உங்கள் குடிநீருக்கே திரும்பும்.

பயன் எவ்வளவு?

நாளொன்றுக்கு 300 லீற்றர் வீதம் கோடையில் 200 நாட்களுக்கு 60,000 லீற்றர் நீர் ஒரு வீட்டுக் கிணற்றில் மிஞ்சும். இஃது 1,000 லீற்றர்த் தாங்கியை 60 முறை நிரப்பும் அளவாகும். எனினும் இதனை மிகைப்படுத்திக் கூறுதல் தகாது. 10 பேர்ச் கொண்ட ஒரு பரப்பு வெங்காயத்துக்கு 40 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒரு முறை நீர் கட்டினால், ஏறக்குறைய 10,000 லீற்றர் செலவாகும். அதாவது, ஒரு வீடு கோடை முழுவதும் சேமித்த நீர், ஒரு பரப்புத் தோட்டத்துக்கு ஆறு முறை கட்டும் நீருக்குச் சமம். ஆகவே தோட்டம் செய்வோர் அங்கும் அளவறிந்து இறைத்தால்தான் இச்சேமிப்பு நிலைக்கும். ஆயினும் வீட்டுக் கழுவுநீர் விழுமிடம் குடிநீர்க் கிணற்றுக்கு மிக அருகிலாதலால், அதனைத் திருத்துவதன் நன்மை லீற்றர்க் கணக்கினும் பெரிது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் வகையில் அஃது அமைக்கப்பட்டது. குழாய்நீர் வந்தபின் கிணற்றைக் காப்பதேன் என்று சிலர் வினவலாம். மாலைத்தீவின் தலைநகராகிய மாலேயில், நிலத்தடி நன்னீர் மிகையான இறைப்பாலும் கழிவாலும் கெட்டு, மக்கள் நன்னீராக்கிய கடல்நீரையே நம்பலாயினர். 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் அங்கிருந்த நிலையத்திற் தீப்பற்றியபோது, ஏறக்குறைய 1 இலட்சம் மக்கள் குடிநீரின்றித் தவித்தனர். அயல் நாடுகள் விமானத்திலும் கப்பலிலும் நீர் கொண்டுசென்றன. குழாய் நின்றாலும் கிணறு இருக்கின்றது என்னும் துணிவு அவர்களுக்கு இல்லாது போயிற்று. நமக்கு அது இன்னும் உண்டு.

தொடங்கும் வழி

யாவற்றையும் ஒரே நாளிற் செய்ய வேண்டியதில்லை. இவ்வாரம் வாளிகளை எண்ணுங்கள். அடுத்த வாரம் குளியலறை நீரை மாத்திரம் ஐந்து வாழைகளுக்குத் திருப்புங்கள். ஒரு மாதம் இலையையும் மண்ணையும் கவனித்து, பின்னர் உடுப்பு நீரையும், இறுதியாக வடிகட்டி அமைத்துச் சமையலறை நீரையும் சேருங்கள். குடிக்கும் கிணற்றின் நீரை, சிறப்பாகக் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ உள்ள வீட்டில், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திற் சோதித்துக்கொள்ளுங்கள். மரத்திலோ மண்ணிலோ மாற்றம் கண்டால் உங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரிடம் தெரிவியுங்கள். அவர் வளவுக்கு வந்து பார்த்து வேண்டியதைக் கூறுவார்.